பூட்டாமல் விட்ட கணினியிலிருந்து போன மெயில் குறித்து ஃபரா கூறியது

என் பெயர் ஃபரா, வயது 23, தகப்பனார் பெயர் ஜியாவுல்லா. செங்கம் சாலையில் ராமதாஸ் என்பவர் நடத்தும் பிரௌசிங் சென்டரில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இரண்டு நாளாக வீட்டில், ஜமாத்தில், போனில் என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. மறுபடியும் சொல்கிறேன்.

கடந்த பௌர்ணமி அன்று மாலை நான் என் யாகூ மெயிலைத் திறந்து வைத்திருந்தேன். எனக்கு நிச்சயம் செய்திருக்கும் தல்ஹா ஷார்ஜாவிலிருந்து எழுதியிருந்தார். அதன்பிறகு கிரிவலம் வந்த அம்மாள் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒருவருக்கு ஊற்றினால் வரிசையே நின்றுவிடும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி இதே கதைதான். குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எழுந்து போகும்போது திரையைப் பூட்டவில்லையா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்குச் சொல்வது: எங்கள் சென்டரில் யாரும் பூட்டக் கூடாது. "பாஸ்வேர்ட் கேட்டு நின்னா, வெள்ளக்காரங்க சிஸ்டம் ரிப்பேர்னு அடுத்த கடைக்குப் போயிடறாங்க. எதையும் பூட்டாதீங்க" என்று முதலாளி ராமதாஸ் சொல்லியிருந்தார். பெரிய மனுஷர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே.

அதன்பிறகு உள்ளே வந்தபோது என் இருக்கையில் உடன் வேலை செய்யும் கஸ்தூரி இருந்தாள். தல்ஹாவுக்கு என் பெயரில் ஒரு மெயில் போயிருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழாக, எனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, வீட்டில் சொல்லப் பயம், நீங்களே நிறுத்திவிடுங்கள் என்று இருந்தது. ஏன்டி என்று கேட்டேன். "பாத்ரூம்ல போய்ப் போய் அழுவற. வாயத் தொறந்து சொல்லவும் மாட்டேங்கற. எத்தினி நாளு நான் பாத்துனு இருக்கறது?" என்றாள். அவள் மேல் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது.

அதன்பிறகு தல்ஹா வீட்டார் போன் செய்து நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். அதன்பேரில் என் தகப்பனார், பொய்யாக மெயில் அனுப்பி என் மகள் வாழ்க்கையைக் கெடுத்தாள் என்று கஸ்தூரி மேல் புகார் கொடுத்தார். காலையிலிருந்து அவளை இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே வரும்போது அப்பா, "பொய்னு மட்டும் சொல்லிடு கண்ணு, மாப்பிள்ள வூட்டாண்ட நான் பேசிக்கறேன்" என்றார். அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

மெயிலை நான் அனுப்பவில்லை. அதில் எழுதியிருந்தது பொய்யா என்று ஐயா கேட்டார். பொய் இல்லை. என்னிடம் இதை யாராவது கேட்பது இதுதான் முதல் தடவை. கஸ்தூரியை வீட்டுக்கு அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை ஏட்டு எழுதி, பெண் காவலர் முன்னிலையில் உரக்கப் படித்தார். வாசல் பக்கம் பெஞ்சில் இருந்த அப்பாவுக்கும் கேட்டது. திருத்தம் ஏதும் உண்டா என்றார்கள். இல்லை, எல்லாம் உண்மை என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) ஜி. ஃபரா