பல் பிடுங்கப் போய் குடிகாரன் ஆனவர்

"உன் பல்லுல இருந்த சீழுதாம்ப்பா உன்ன குடிகாரன் ஆக்கிச்சி."

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். மருந்தியல் படிக்கிறவள் போல. மடியில் வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் கன்னம் வீங்கிய அப்பா.

"ஊசி போட்டும் மரத்துப் போவல. புடுங்கக்குள்ள கத்திட்டேன். டாக்டரு உங்கம்மா எதிர்லயே, 'குடிக்கிறவனுக்கு மருந்து ஏறாது'ன்னுட்டாரு. நான் குடிய உட்டு ஒரு வருசமாவுது. அவ நம்பாம தாய்வூட்டுக்குப் போய்ட்டா."

"மரத்துப் போற மருந்துல மின்னூட்டம், அதான் சார்ஜ், இல்லாத பங்குதாம்ப்பா நரம்புக்குள்ள பூரும். அந்த மருந்துல சரிபாதிக்கு சார்ஜ் ஏறுற பிஎச் அளவு, அதான் பிகேஏ, ஏழு புள்ளி ஒம்போது. சீழ் புடிச்ச எடத்துல அமிலம் ஜாஸ்தி, பிஎச் அதவிட ரொம்பக் கம்மி. அதான் கிட்டத்தட்ட முழுசுக்கும் சார்ஜ் ஏறி வெளியவே நின்னுடுச்சி."

"குடிக்காதவனுக்கும் இதே கதிதானா?"

"யாருக்கா இருந்தாலும்."

"டாக்டருக்கு இது தெரியாதா?"

"படிச்சிருப்பாரு. உன் லுங்கியப் பாத்ததும் மறந்துட்டாரு."

அவர் சிரிக்கவில்லை.

"இத உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"போன்ல சொன்னேன். 'நீ இன்னும் பாஸே ஆவல, டாக்டரு பொய் சொல்வாரா'ன்னு கேக்குது."

"எப்ப பாஸ் ஆவுற?"

"அடுத்த வருசம்."

"அதுவரிக்கும் குடிகாரன்தான் நானு," என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.