ஆயுத பூஜையன்று பூட்டிய அறை

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கினால் தச்சநல்லூரில்தான் வாங்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். மொறுமொறுவென்று இருக்கும். அன்றைக்கும் அங்கேதான் வாங்கினேன்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் லித்தியம் உலோக பேட்டரி செய்கிறோம். பொல்லாத சாமான். சார்ஜ் ஏற ஏற உள்ளே ஊசி ஊசியாக முள் வளரும். அது குத்தினால் தீதான். எலுமிச்சைத் தோலிலிருந்து எடுத்த ஒரு பொருளை உள்ளே இருக்கும் திரவத்தில் கலந்தால் முள் வளராது. அதைக் கண்டுபிடித்தவன் நான். என் தலை நரைத்ததே அதில்தான். மறுநாள் ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தம் போட வருவதாக இருந்தார்கள்.

கிறிஸ்டி என் மாணவி. மணப்பாட்டுப் பெண், கெட்டிக்காரி. பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றாள்.

"சார், பழைய பேட்டரி செல்லெல்லாம் வீங்குது. நம்ம கலவை நாள்பட்டா கெட்டுப்போகுது. நாளைக்கு அவங்ககிட்ட நானே சொல்லிருதேன்."

"ஊரே சிரிக்கும்மா. பைய சொல்லலாம்" என்று கெஞ்சினேன். ஆமாம், நான்தான் கெஞ்சினேன்.

"வண்டில பிள்ளைகள வச்சு ஓட்டுவாங்கல்லா சார்" என்றாள்.

எனக்கு மூச்சு முட்டியது. எந்தப் பக்கம் போனாலும் வழி இல்லை.

பூஜை முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். சந்தனம் வைத்த கருவிகளை மறுநாள் வரை தொடக் கூடாது. அறையைப் பூட்டிவிடுவது எங்கள் வழக்கம். அவள் மட்டும் வீங்கிய செல்லைக் கழற்ற உள்ளறைக்குப் போனாள். செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், அது நான் போட்ட விதி. வழக்கப்படி பூட்டினேன். சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. வாட்ச்மேன் மாரிக்கண்ணு தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்.

"தண்ணி ஊத்தப்படாது அண்ணாச்சி, லித்தியம் வெடிக்கும். கதவையும் திறக்கப்படாது, காத்து புகுந்துரும்" என்றேன். எல்லாம் முறையான பாதுகாப்பு விதிகள்.

"உள்ள ஆரோ தட்டுத மாதிரி கேக்குதே சார்?"

"செல் வெடிக்குத சத்தம் அண்ணாச்சி. உள்ள ஆரும் இல்ல."

பாவம், படித்தவன் சொன்னால் நம்புகிற மனுஷர். வாளியைக் கீழே வைத்துவிட்டார். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. தட்டுவது நின்ற பிறகு எடுத்துத் திறந்தேன்.

நான் எதையும் மறைக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கலவையில் கோளாறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். அப்படிச் சொல்ல இப்போது யாரும் இல்லை.