மாணிக்கத்திடம் சொல்ல ஒரு வார்த்தை

1991-இல் ஒரு மாலை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குன்றத்தூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனியின் காக்கிச் சட்டையில் இரண்டு பேர்.

“நாளைக்கு என்கொயரியில ‘கன்ஃப்யூஸ்’னு மட்டும் சொல்லிடாத. வேலை பூடும்,” என்றார் மீசைக்காரர்.

“வேற இன்னா சொல்றது? சூப்பர்வைசர் கையக் காட்டுனாரு. நிறுத்தச் சொல்றாரா, ஓட்டச் சொல்றாரான்னு புரியல. மெஷின ஓட்டிட்டேன்,” என்றான் மற்றவன்.

“கன்ஃப்யூஸ்னா நீயா கொழம்பிக்கின. தப்பு உன்னுது. ‘மிஸ்லீட்’னா அவரு உன்னத் தப்பா திருப்பி வுட்டாரு. அதச் சொல்லு.”

“அவரு வேணும்னு பண்ணலியேண்ணே.”

“அப்ப ‘பஸிள்’னு சொல்லு. விடுகதை மாதிரி. தப்பு யார் மேலயும் வுழாது.”

“விடுகதையா? மெஷின்ல கைய வெச்சிருந்த மாணிக்கத்துக்கு ரெண்டு வெரல் போச்சுண்ணே.”

பஸ் கொஞ்ச தூரம் போனதும் அவனே மெல்லச் சொன்னான்.

“சரிண்ணே, நாளைக்கு நீ சொல்ற இங்கிலீஷயே சொல்லிடறேன். இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான போறோம். கையில கட்டோட படுத்துக்கினு, ‘ஏன்டா ஓட்டுன’ன்னு அவன் கேப்பான். அவங்கிட்ட எந்த வார்த்தையச் சொல்றது?”