பிளேடுல பேரைப் படிக்காதீங்க

அட, பிளேடுல இருக்குற பேரைப் படிக்காதீங்க சார்! வர்றவங்க எல்லாரும் இதத்தான் செய்றாங்க. மரம் எழைக்கிற எழப்புளியக் கையில எடுக்க வேண்டியது, மூக்குக்கண்ணாடிய ஏத்திவிட வேண்டியது, பிளேட்டு மேல என்ன எழுத்துன்னு பாக்க வேண்டியது, 'ஓகோ, இது இன்னார் செஞ்சது'ன்னு பெரிய நீதிபதி மாதிரி தலைய ஆட்ட வேண்டியது. பிளேடு என்ன சார் பிளேடு... அது சட்டை. தேஞ்சா கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிக்கிறதுதான். என் மச்சினன் என் சட்டையத்தான் போட்டுக்கிட்டுத் திரியறான். அதுக்காக அவன் நானாயிடுவானா? ஆயிட்டா நல்லாத்தான் இருக்கும், இந்தப் பழைய சாமான் கடையில வந்து ஒக்காரட்டும்.

ஒடம்பப் பாக்கணும் சார், ஒடம்ப! இங்க பாருங்க... முன்னால உருண்டையா குமிழ் இருக்கா? அதுக்குப் பின்னால வெளிச்சத்துல இப்பிடிச் சாச்சுப் பாத்தா... தெரியுதா? நங்கூரம், கம்பெனி மார்க். இரும்ப வார்க்கும்போதே அச்சுல விழுந்தது. இது மச்சம் மாதிரி, பொறந்ததுலேருந்து இருக்குறது. பக்கத்துல ஒரு நம்பர் இருக்குமே, அதான் சைஸு. அதுலயும் ஒரு வம்பு. நாலாம் நம்பர்னா நாலு இஞ்சுன்னு நெனைக்கிறாங்க! இங்க ஒருத்தர் வருவார், பேரு தெரியாது, நாங்க 'டேப்பு'ன்னு சொல்லுவோம், எப்பப் பாத்தாலும் இடுப்புல டேப்போடதான் வருவார். அளந்து பாத்துட்டு, 'நாலாம் நம்பர்ங்கிற, ஒம்போது இஞ்சு இருக்கே, ஏமாத்தறியா'ன்னு என்னோட சண்டைக்கு நிக்கிறார். நான் என்ன பண்ண? செருப்பு எட்டாம் நம்பர்னா எட்டு இஞ்சா? செருப்புக்கடையில இத யாராவது கேக்குறாங்களா? நம்மகிட்டத்தான் கேப்பாங்க!

சிரிக்காதீங்க... நானும் ஒரு காலத்துல அப்பிடித்தான் இருந்தேன். கல்யாணமான புதுசுல மாமனார் 'மாப்ளே, அந்த அஞ்சாம் நம்பர எடுத்தாங்க'ன்னார். நான் ஒண்ணொண்ணா அளந்து பாத்து, சரியா அஞ்சு இஞ்சுல ஒரு குட்டியக் கொண்டுபோய் நீட்டுனேன். மனுஷன் என்ன பண்ணுனார்? வாங்கிக் காகிதம் பறக்காம இருக்க மேல வெச்சார். அவ்வளவுதான். அத என் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்றா.

ஆமா, நீங்க கையில வெச்சிருக்கீங்களே, அது எங்கேந்து எடுத்தீங்க? மேசைக்கு அடியிலயா? அட, அது அனாதைப் பெட்டி சார்! குமிழுக்குப் பின்னால பேரும் இல்ல, நம்பரும் இல்ல, தாயும் இல்ல, தகப்பனும் இல்ல. இதுல பிளேடு கொக்கு மார்க் போட்டிருக்கும், பாருங்க... ஆங், கொக்கேதான். கொக்கு மார்க் வெண்ணெய வெட்டத்தான் ஆவும். மேல இவ்வளவு இருக்க, அந்தக் குப்பையக் கிண்டி இது ஒண்ண எடுத்திருக்கீங்க!

என்ன? கைக்கு ஒக்காருதா? ஓ, எடது கையா நீங்க! அதான் பாத்தேன், மேல இருக்குறத ஒண்ணொண்ணா எடுத்துப் புடிச்சுப் பாத்துட்டு மொகத்தச் சுளிச்சுக்கிட்டே கீழ வெச்சீங்க. சரி சரி... கைக்கு ஒக்காந்தாப் போதும், பேரு என்ன சோறா போடுது? எடுத்துக்குங்க. குடுக்குறதக் குடுங்க, அனாதைக்கு எவன் வெலை போடுவான்... பையில போட்டுட்டீங்களா? போட்டாச்சு, இனிமே அது உங்க புள்ள. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காருங்க. என்ன அவசரம்? கடைத்தெருவுல வெயில் எறங்கட்டும்.

மரத்துல செஞ்சதுன்னா வேற கதை சார். அதுல முன் மூஞ்சியில பேரக் குத்தியிருப்பான். ஒரே கட்டையில நாலு பேரோட பேரு இருக்கும். இதுல செஞ்சவன் எவன், வெச்சிருந்தவன் எவன்? சுலபம்! ஒரே தடவ, நடுவுல, நேரா குத்துனான்னா அவன் செஞ்சவன். மூஞ்சி, முதுகு, விலான்னு எடம் விடாம குத்தி வெச்சிருந்தான்னா அவன் வெச்சிருந்தவன். செஞ்சவனுக்கு என்ன பயம்? திருட்டுப் போயிருமோன்னு கெடந்து தவிக்கிறவன் சொந்தக்காரந்தான. ஏன், அந்தப் பூட்டுக்கடைக்காரரையே பாருங்க, எதுத்தாப்புல... அவர் ஒக்காந்திருக்குற நாற்காலியில அவர் பேரு எத்தன எடத்துல எழுதியிருக்குன்னு எண்ணுங்க. பூட்டு விக்கிறவருக்கே பூட்டு மேல நம்பிக்க இல்ல!

இவ்வளவு தெரிஞ்சு என்ன சார் பிரயோசனம்? வீட்டுல அடுப்பு எரியல. ரொட்டியும் தண்ணியுமா ஓடுது பொழப்பு. எல்லாம் எங்க மாமனாரோட எழப்புளியால. அவரு போயிச் சேந்துட்டாரு, நல்ல மனுஷன்... அவரோடது நங்கூரம், அஞ்சாம் நம்பர். என் பொண்டாட்டி, 'அப்பாவோடத கொஞ்சம் தொடச்சு வை'ன்னு குடுத்தா. தொடைக்கிறதுதான தொடைக்கிறோம்னு கடையில மேல கீழ கெடந்ததையெல்லாம் சேத்துக் கழட்டி, மண்ணெண்ணெய் வாளியில போட்டாச்சு. யாரு போட்டாங்கிறது இப்ப எதுக்கு? போட்டாச்சு. துரு விட்டுச்சா? சுத்தமா விட்டுச்சு. எல்லாம் பளபளன்னு வந்துச்சு. ஆனா வாளிக்குள்ள மாமனார் எது, ஊராரு எதுன்னு தெரியணுமே?

தேடாமலா இருந்தேன்? ஒடம்பு, மச்சத்த வெச்சுக் கண்டுபுடிச்சேன். பிளேட்டுல ஓரமா ஒரு பொத்தல் போட்டிருந்தார், அதையும் புடிச்சாச்சு. பிளேட்ட ஏத்தி எறக்குற சக்கரம் கெடச்சுது, குமிழ் கெடச்சுது. எல்லாத்தையும் பூட்டி, பூ மாதிரி கொண்டுபோய் அவ கையில குடுத்தேன். வாங்குனா... பின்னால இருக்குற மரப் பிடியில கைய வெச்சா. வெச்சுட்டு, 'இது எங்கப்பா இல்ல'ன்னுட்டா.

எனக்கு எப்பிடி இருக்கும்? 'எல்லாம் அவருதுதாண்டி, அந்தப் பிடி ஒண்ணுதான் வேற'ன்னேன். 'பிடிதான் எங்கப்பா, மத்ததெல்லாம் இரும்பு'ன்னா. சின்னப் புள்ளையில அவரு மரம் எழைக்கும்போது இவ அவர் கை மேலயே கைய வெச்சுத் தள்ளுவாளாம். சுருள் சுருளா விழுமாம், அதப் பொறுக்கி வளையல்னு போட்டுக்குவாளாம். நான் கடைக்குக் கெளம்பி வந்துட்டேன். அதுலேருந்து பேச்சு கெடையாது. இன்னைக்குக் கடையடைக்கிறதுக்குள்ள அவளே வந்து பாக்கப் போறாளாம். பிடி இல்லன்னா இப்பிடியே அக்கா வீட்டுக்குப் போறாளாம். பெட்டி கட்டியாச்சு சார். சும்மா மெரட்டறவ பெட்டியில தலவாணிய வைக்க மாட்டா. இவ வெச்சிருக்கா.

ஒரு பிடியக் கண்டுபுடிக்க மாட்டியான்னு நீங்க கேக்கலாம். கடையில இருக்குற நங்கூரம் அத்தனையையும் தொட்டுத் தடவிப் பாத்துட்டேன். நங்கூரத்தோட பிடி நங்கூரத்துலதான இருக்கும், வேற எங்க போகும்? அனாதைப் பெட்டிய எதுக்குக் கிண்டணும்... பாத்தாத் தெரியாமப் போறதுக்கு அது சாதாரணப் பிடியும் இல்ல. மேல நீட்டிக்கிட்டிருக்குற கொம்ப அறுத்துட்டிருப்பார். வலப்பக்கமா கட்டைவெரலுக்குன்னு ஒரு குழி, அரத்த வெச்சுத் தேச்சு அவரே பண்ணுனது. வலது கைக்காரன் புடிச்சா முள்ளுல கை வெச்ச மாதிரி இருக்கும். ஏன்னா மாமனார் எடது...

என்ன சார் எந்திரிச்சிட்டீங்க? பைய ஏன் அப்பிடி மாரோட அணைச்சுக்கிறீங்க? இங்க எவனும் புடுங்க மாட்டான், ஒக்காருங்க. இருங்க, அந்தக் கொம்பு அறுக்காத பிடி ஒண்ணு காட்டறேன், வித்தியாசம் புரியும்... ஸ்க்ரூவக் கழட்டத் திருப்புளிய எங்க வெச்சேன்... பூட்டுக்காரரே, என் திருப்புளிய எடுத்தீங்களா? உங்க பேரு போட்டு வெச்சிருக்கப் போறீங்க!... ஆங், இந்தா இருக்கு. பாருங்க சார், இப்பிடி நீட்டிக்கிட்டிருக்குமா, இத அறுத்துட்டு, இந்தப் பக்கம் குழி...

சார்?

சார்!... ஸ்டூலு காலியாக் கெடக்கு. பூட்டுக்காரரே, இங்க ஒருத்தர் ஒக்காந்திருந்தாரே, கண்ணாடி போட்டவரு... எந்தப் பக்கம்? ஏன் கேக்குறேனா? அவரு எடது கை... மேல இருக்குறது எதுவும் ஒக்காரலன்னாரு... அது ஒண்ணுதான் கைக்கு ஒக்காருதுன்னாரு... அய்யய்யோ! பிளேடுல கொக்க மட்டும் பாத்துட்டுக் குப்பைன்னு நானே... என் கையாலயே... 'உங்க புள்ள'ன்னு வேற சொல்லிக் குடுத்தேனே!

யாரு? எங்க? தெரு முனையிலயா? பெட்டியோட வர்றாளா?

வா... வாம்மா. வெயில்ல இவ்வளவு தூரம் நடந்தா வந்த? அந்த ஸ்டூல்ல ஒக்காரு, பெட்டிய இப்பிடி வை. ஒண்ணும் விக்கல, என்ன வித்தேன், எவன் வாங்குறான் இதையெல்லாம்... மொறைக்காத. கடைய மட்டும் ஒரு நிமிஷம் பாத்துக்க, ஓடிப் போயிட்டு ஓடி வந்துர்றேன். எங்கயா?

ஒங்கப்பா இப்பத்தான் இந்தப் பக்கமாப் போனாரு!