கைராசி

எனக்கு சிகரெட் புகை ஒத்துக்கொள்ளாது. அடுக்கடுக்காகத் தும்மல் வரும், கண் எரியும். ஒருநாளும் நான் அதை வாயில் வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், ஏனென்றால் என் கணவருக்கு அந்தப் பழக்கத்தைப் பழக்கிவிட்டதே நான்தான் என்று என் நாத்தனார் புகாரில் எழுதியிருக்கிறாளாம். அது உண்மைதான். ஆனால் ஆசைக்குப் பழக்கவில்லை. மருந்தாகக் கொடுத்தேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டி அவரோடு சேர்ந்து இரண்டு மாடி சறுக்கி நின்றது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு மணி நேரம் இருட்டில் நின்றவரை வெளியே எடுத்தார்கள். மறுநாளே வேலைக்குப் போனார். ஆள் இரும்பு என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்களாம்.

அந்த இரும்பு வீட்டுக்குள் எப்படி இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். குளியலறைக் கதவைத் தாழ் போட மாட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சட்டை தொப்பலாக நனைந்துவிடும். தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதி தரையில். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன்.

"போனா மூளை சரியில்லைன்னு எழுதிடுவாங்க. அப்புறம் எவன் என்னை வேலைக்கு விடுவான்?" என்றார்.

சரி என்று நானே ஒரு வழி பார்த்தேன். கவலை வந்தால் என் அப்பா பின்பக்கம் போய் ஒன்று பற்றவைப்பார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். தெருமுனைக் கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கி, தைக்க வந்த துணிக்குள் சுருட்டி எடுத்துவந்தேன். என் கையாலேயே பற்றவைத்துக் கொடுத்தேன். இருமினார், திட்டினார், பாதியை இழுத்து முடித்தார். பத்து நிமிஷத்தில் கை நடுக்கம் நின்றுவிட்டது. கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

"உனக்குக் கைராசி" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு வந்தது. பாக்கெட் என்னிடம்தான் இருக்கும். அவரிடம் கொடுத்தால் ஊதித் தள்ளிவிடுவார் என்று நானே வைத்துக்கொண்டேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அன்றைக்கு உண்டானதை எண்ணி அவர் சட்டைப் பையில் வைப்பேன். சாயங்காலம் நேராக என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டுவார். நான் யாருடைய பள்ளிச் சீருடையையாவது மடித்துத் தைத்துக்கொண்டிருப்பேன். அவர் புகைப்பார், பேசுவார், நான் தும்முவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பத்து வருஷம் அப்படிப் போனது. நல்ல வருஷங்கள் மேடம். அவர் என்னை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. தங்க முடியாது.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். இனி சிகரெட்டைத் தொட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று பெரிய டாக்டர் என் எதிரில்தான் சொன்னார். ஏன் புகைக்கிறார் என்பது அங்கே வெளியே வந்துவிட்டது. பயத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை வந்து பேசும்படி ஆலோசனை சொல்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். என் பாவாடை நாடா வயசுகூட இருக்காது. அவள் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்:

"சிகரெட் உங்க பயத்தைக் குறைக்கலை சார். ஒண்ணு குடிச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துல உடம்பு அடுத்ததைக் கேட்டு நடுங்குது. அந்த நடுக்கத்தை நீங்க பயம்னு நினைச்சுக்கிட்டீங்க. மருந்துன்னு சாப்பிட்டதே வியாதியை வளர்த்திருக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவமாகப் பார்த்தார். "அவளுக்கு என்ன தெரியும், நல்லதுன்னு நினைச்சுத்தானே கொடுத்தா" என்று அந்தப் பெண்ணிடம் எனக்காகப் பரிந்து பேசினார்.

மூன்று மாதத்தில் ஆள் மாறிப்போனார். அதைக் கண்ணால் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் தனியாக நடக்கப் போனார். குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே பாட்டுப் பாடினார். சாயங்காலம் வந்தால் மிஷின் பக்கம் வருவதில்லை. போனில் தன் அக்காவோடு, அதுதான் என் நாத்தனாரோடு, அரட்டை. ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"புதுசா சேர்ந்த பசங்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க வெளியூருக்குக் கூப்பிடுறாங்க. சரின்னு சொல்லிட்டேன். வாரத்துக்கு ஒருதடவை வந்துட்டுப் போறேன்."

"நான்?"

"உனக்கு இங்க தையல் இருக்கே. நீயும் எவ்வளவு நாள்தான் என்னைக் கட்டிக்கிட்டு அழுவ? கொஞ்சம் நிம்மதியா இரு."

என் நல்லதுக்காகச் சொன்னாராம். நான் சரி என்றேன்.

மறுநாள் அவர் நடக்கப் போயிருந்தபோது அந்த மாத்திரைப் புட்டியைக் காலி செய்து, அதே அளவில், அதே நிறத்தில் இருந்த என் சத்து மாத்திரையைப் போட்டு நிரப்பினேன். பழைய மாத்திரைகளைக் கொட்டிவிட மனசு வரவில்லை. விலை கொடுத்து வாங்கியது. பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன். காரியம் முடிந்த பிறகு நாத்தனார் ஊசி தேடப்போய் அதைத்தான் எடுத்தாள்.

நீங்கள் நினைப்பதுபோல அவரைக் கொல்ல நினைத்து இதைச் செய்யவில்லை. உண்மையிலேயே குணமாகிவிட்டாரா, மாத்திரை அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். ஒரு பெண்டாட்டிக்கு அது தெரிய வேண்டாமா?

ஒரு வாரத்துக்குள் டம்ளர் ஆடத் தொடங்கியது. அவருக்கே நம்ப முடியவில்லை. "மாத்திரை ஒழுங்காத்தானே போடுறேன்?" என்று என்னைக் கேட்டார். "என் கண்ணு முன்னாலதானே போடுறீங்க" என்றேன். அது பொய் இல்லை. அந்தப் பெண்ணிடம் போக வேண்டிய நாளில் நானே போன் செய்து, அவர் ஊரில் இல்லை என்று சொன்னேன். அவரிடம், அவள் லீவில் இருக்கிறாள் என்றேன். அது பொய்தான்.

ஒன்பதாம் நாள் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குமா?"

"டாக்டர் கூடாதுன்னாரே."

"தெரியும்டி. ஒண்ணே ஒண்ணு."

மூன்று தடவை மறுத்தேன். நாலாவது தடவை அவர் குரல் உடைந்தது. அப்புறம்தான் எடுத்துக் கொடுத்தேன். கையோடு நாத்தனாருக்குப் போன் செய்து, உங்கள் தம்பி மறுபடியும் ஆரம்பித்துவிட்டார், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார் என்று அழுதேன். நிஜமாகவே அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வெளியூர் வேலையை அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இன்னும் நாலு மாதம் இருந்தார். பழையபடி காலையில் நான் எண்ணி வைத்தேன், சாயங்காலம் கை நீட்டினார். நடுவில் இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயு என்றேன்.

கடைசி நாள் மத்தியானம். நான் ஒரு சட்டைக்குக் கைப்பட்டை வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இடது கை வலித்தது, தாடை வலித்தது, வேர்த்தது. இந்த மூன்றும் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டியது நான்தான். படித்திருக்கிறேன்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றார். "பயமா இருக்கு" என்றார்.

பயம் என்றுதான் என் காதில் விழுந்தது. பயத்துக்கு என்ன மருந்து என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒன்றைப் பற்றவைத்து அவர் உதட்டில் வைத்தேன். பிடிக்கவில்லை, கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். போன் மேசையில் இருந்தது. அவர் தட்டிவிடப் போகிறார் என்று அதை என் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் அடங்கிய பிறகு, விட்ட இடத்திலிருந்து அந்தக் கைப்பட்டையைத் தைத்து முடித்துவிட்டு, அப்புறம்தான் எண்ணை அழுத்தினேன்.

மாத்திரையை மாற்றியவள் நான். போன் செய்யாமல் இருந்தவளும் நான். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் வலது மணிக்கட்டில் இருக்கிற நகக்கீறலைத்தான் நீங்கள் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கையில்தான் போன் இருந்தது. போனைப் பிடுங்கத்தான் அப்படிப் பிறாண்டியிருக்கிறார் என்று நாத்தனார் சொல்கிறாள். அவள் அங்கே இல்லை மேடம். இருந்திருந்தால் அவர் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தார் என்று பார்த்திருப்பாள். கடைசி மூச்சுவரைக்கும் விடவில்லை. அவர் என் கையைத்தான் பிடித்தார்.