வேலையை நிறுத்தாமல் எடுத்த பேக்கப்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் முதலாளி பக்கீர் முகமது அய்யா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! தலையில் படிந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே! ஓவர்லாக் தையல் மெஷின் அண்ணன்மார்களே, செக்கிங் அக்காமார்களே! பனியனுக்கு அளவு போடும் பேட்டர்ன் பிரிவு விஜயராணியின் பணிவான வணக்கம்!

"சத்தமா பேசு கண்ணு!" என்கிறீர்கள். பேசுகிறேன் அம்மா. என் குரல் என் காதுக்கே எட்டாது என்பது நல்லூர் முழுக்கத் தெரியும். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு மைக் எதற்கு என்று நானே இரண்டு நாள் தயங்கினேன். ஆனால் கையில் இருக்கும் செய்தி என்னை உட்கார விடவில்லை!

ஒரு பனியனின் உயிர் எங்கே இருக்கிறது? துணியிலா? தையலிலா? அளவில் இருக்கிறது! அத்தனை அளவும் எங்கே இருக்கிறது? சர்வர் என்ற ஒற்றைப் பெட்டியில் இருக்கிறது! அது பழுதானால் என்ன செய்வது என்றுதான் தினமும் மூன்று மணிக்கு நகல் எடுக்கிறோம். அந்த பேக்கப் எடுப்பது என் வேலை. நாற்பது நிமிடம் ஓடும். அதுவரை யாரும் ஃபைலைத் தொடக் கூடாது.

ஆடி மாதம் சர்வரின் டிஸ்க் செத்தது. பேக்கப்பிலிருந்து அளவை மீட்டு இருநூறு பீஸ் வெட்டினோம். பக்கத் தையல் சேரவில்லை! முன்பாகம் இருபத்தெட்டு அங்குலம், பின்பாகம் இருபத்தொன்பது. ஓவர்லாக் ஜெபக்குமார் அண்ணன் தூக்கிப் பிடித்து, "முன்னால குட்டை, பின்னால நெட்டை! வால் வச்ச வெள்ளைக்காரனுக்கா வே, இந்த ஆர்டரு?" என்றார்.

இப்போதும் சிரிக்கிறீர்கள். அன்று சிரிக்காதவர் ஒருவர், பேட்டர்ன் போட்ட பழனியம்மாள் அக்கா.

"ரெண்டையும் ஒண்ணாத்தானுங்க நீட்டி வெச்சேன்" என்றார் அக்கா.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாக்கா?" என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

மறுநாளே அவரைச் செக்கிங்கிற்கு மாற்றினார்கள். பதினொரு வருடம் அளவு போட்ட கை, மூன்று மாதமாக நூல் பிசிறு வெட்டுகிறது!

கம்ப்யூட்டர் பொய் சொன்னதா? இல்லை. அக்கா பொய் சொன்னாரா? இல்லவே இல்லை! பேக்கப்பின் நேரக் குறிப்பைப் பார்த்தேன். மூன்று ஐந்துக்கு நகல் முன்பாகத்தை எடுத்திருக்கிறது, பழைய அளவு. மூன்று இருபதுக்கு அக்கா இரண்டையும் மாற்றியிருக்கிறார். மூன்று முப்பதுக்கு நகல் பின்பாகத்தை எடுத்திருக்கிறது, புதிய அளவு. பாதி பழசு, பாதி புதுசு!

சர்வரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பக்கத்துக்கு ஒரு வாரம்! அங்கே கிடைத்தது, ஸ்நாப்ஷாட்! ஒரு நொடியில் மொத்த டிஸ்க்கையும் அப்படியே படம் பிடித்ததுபோல் நிறுத்திவிடும். அதன் பின் யாராவது அளவை மாற்றினால், சர்வர் பழையதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் புதியதை எழுதும். நாம் அந்தப் படத்திலிருந்து நிதானமாக நகல் எடுக்கலாம். எடுத்ததும் படத்தை அழித்துவிட வேண்டும். விட்டால் இடத்தையெல்லாம் தின்றுவிடும்!

போன திங்கட்கிழமை சோதித்தேன். பக்கத்து இருக்கை அபிராமியிடம், "அளவை மாத்திக்கிட்டே இரு" என்றேன்.

"ஏய், பேக்கப் ஓடுதுடி! கெட்டுப்போனா என்னைய மாட்டி விடுவியா?"

"மாத்துடி!"

மாற்றினாள். நகலைத் திறந்தேன். முன்னும் பழசு, பின்னும் பழசு! சர்வரைத் திறந்தேன். முன்னும் புதுசு, பின்னும் புதுசு! நாற்காலி கவிழக் குதித்தேன்! இனி ஒரு கையும் நிற்க வேண்டாம், ஒரு மெஷினும் காத்திருக்க வேண்டாம்!

"அப்போ எங்க நாப்பது நிமிஷ ரெஸ்ட்டு போச்சா?" என்று பேட்டர்ன் பிரிவில் ஒருவர் கேட்கிறார். போச்சு அண்ணா, மன்னித்துவிடுங்கள்!

ஆனால் அய்யா, ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று மணிக்கு "கையெடுங்க" என்று எல்லோரிடமும் சொல்வதும் என் வேலைதான். அக்கா அளவை மாற்றிய அன்றும் சொன்னேன். கூச்சத்தில் வாய்க்குள்ளேயே சொன்னேன். அக்காவுக்குக் கேட்கவில்லை. பழி அவர்மேல் விழுந்தபோதும் எனக்கு வாய் வரவில்லை. தவறு என்னுடையது அய்யா! அவரைப் பேட்டர்ன் மேசைக்கு அழையுங்கள். செக்கிங்கில் ஓர் ஆள் குறைந்தால் நான் போகிறேன்.

அய்யா எழுந்துவிட்டார். "பழனியம்மா, மேல வாங்க!" என்று அவரே கூப்பிடுகிறார்!

அக்கா, முந்தானையால் முகத்தை மூடாதீர்கள், வாருங்கள். தாய்மார்களே, வழி விடுங்கள்! இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. மைக்கை அக்காவிடம் கொடுக்கிறேன். அனைவருக்கும் வணக்கம்!