சுவரில் சிரிக்காதவர்கள்

தட்டாஞ்சாவடியில் பேருந்து ஏறிய அண்ணனும் தங்கையும் களைத்திருந்தார்கள். அண்ணன் மடியில், இறந்துபோன அம்மாவின் படம், புதிதாகச் சட்டம் போட்டது.

“படத்துல அம்மா சிரிப்ப அழிக்கச் சொன்னனே, ஸ்டுடியோக்காரன் அழிக்கல” என்றார்.

“நான்தான் வேணான்னேன்.”

“ஜெர்மன் சண்டைக்குப் போன கொள்ளுத்தாத்தா படந்தான் நம்ம வூட்டுல மொத படம். அதுலேர்ந்து செவுத்துல யாரும் சிரிச்சதில்லம்மா.”

“அது பட்டாளத்துல எடுத்தது. சாவப்போற மனுசன் எங்க சிரிப்பாரு?”

“அப்பா படத்துலகூட சிரிப்ப அழிச்சமே.”

“அதான் யாரோ மாதிரி இருக்காரு. அப்பாவ நெனச்சா அந்த மொறப்புதான் வருதுண்ணா.”

அண்ணன் குனிந்து அம்மாவின் சிரிப்பைப் பார்த்தார். உழவர்கரையில் இறங்க எழுந்தபோது சொன்னார்:

“கொள்ளுத்தாத்தாவுக்கு எதிர் செவுத்துல மாட்டு. அவரும் பாக்கட்டும்.”